கூடையின் ஓரம்

ஒரகடத்தில் பஸ், லாரிகளுக்கு ஸ்டீயரிங் பாகங்கள் செய்யும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே சோதனை விதிகளை எழுதியவனும் நானே. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஒரு காலை, பாகங்கள் நிறைந்த கூடை உலையிலிருந்து எண்ணெய்த் தொட்டிக்குப் போகும் வழியில், கிரேன் மக்கர் செய்து அந்தரத்தில் நின்றது. சற்று நேரம் கழித்துத்தான் எண்ணெயில் முங்கியது. விதிப்படி நடுவிலிருந்து ஒன்றை எடுத்துச் சோதித்தேன். கடினம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

"ஓரத்துல கீற பீஸையும் பாருங்க சார்" என்றார் உலையைக் கவனிக்கும் மேரி.

"விதியை எழுதினதே நான்தாம்மா."

"எழுதினது நீங்க. அது ஆறிக்கினு தொங்கினத பாத்தது நானு."

அவர் வாயை அடைக்கவே ஓரத்திலிருந்து ஒன்றை அறுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். காய்ச்சிய எஃகு எண்ணெயில் முங்குமுன் காற்றில் ஆறினால், அதன் நுண்மணிகளின் விளிம்பில் மென்மையான இரும்பு கருக்கட்டி வளரும். இங்கே அந்த வெள்ளைத் திட்டுகள் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. எண்ணெயில் நடுதான் கடைசியில் குளிரும்; அதனால்தான் நடுவைச் சோதிக்கச் சொல்லியிருந்தேன். காற்றில் ஓரம் முதலில் ஆறும். என் விதி காற்றை நினைக்கவே இல்லை.

கூடையை நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டேன்: "முன்னாடி இப்படி நின்னிருக்கா?"

"போன மாசம் ஒரு தபா. சொன்னேனே சார். நடுவுல பாத்துட்டு போய்ட்டீங்க."

போன மாதக் கூடையின் பாகங்களைத் திருப்பி அனுப்பும்படி வாங்கியவர்களுக்கு அன்றே எழுதினேன். நான்கைத் தவிர எல்லாம் திரும்பி வந்தன. இப்போதும் படப்பை வளைவில் பஸ் திரும்பும்போது, டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.