மூளை மாநாட்டில் மைக் செட் அண்ணாச்சி

போன வாரம் குற்றாலத்தில் ஒரு விஞ்ஞானிகள் மாநாடு. மூளை எப்படிக் கணக்குப் போடுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை கூடுவார்களாம். சாரல் சமயத்தில், அதுவும் குற்றாலத்தில் ஏன் என்கிறீர்களா? விஞ்ஞானிகள் என்ன முட்டாள்களா?

வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன்.

இரண்டாம் நாள் காலை, சென்னையில் ஆராய்ச்சி செய்யும் பத்மா என்ற பெண்ணின் முறை. மூன்று வருஷ உழைப்பு. கட்டுரையும் கையுமாக மேடை ஏறினார். ஹாலில் நான்... மைக் செட் போட வந்த தென்காசி சங்கரன் அண்ணாச்சி... அவ்வளவுதான்!

"மத்தவங்கல்லாம் எங்கே?"

"ஐந்தருவில தண்ணி நல்லா விழுதாம்மா. மாநாட்டுத் தலைவர் ஐயாதான் வேன் வச்சி எல்லாரையும் கூட்டிட்டுப் போனாவ" என்றார் அண்ணாச்சி.

பத்மாவின் முகம் வாடிவிட்டது. அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"நீங்க பேசுங்கம்மா. மைக்கு சும்மாதான கெடக்கு."

பேசினார். எங்கள் இரண்டு பேருக்காகக் கரும்பலகையில் படம் போட்டு, எளிய தமிழில். ஒரு நரம்பு செல் பக்கத்து செல்லை உசுப்பும், அது அடுத்ததை உசுப்பும் என்று.

அண்ணாச்சி கை தூக்கினார். "ஸ்பீக்கரு பக்கத்துல மைக்கை வச்சா ஊளையிடும்லா? ஒண்ணை ஒண்ணு உசுப்புதுன்னு சொல்லுதீய. அப்போ மூளை ஏன் ஊளையிடல? அங்கன வால்யூமை எவன் குறைக்கான்?"

பத்மா சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"அடக்குற செல்லும் உண்டுங்க. சின்ன விஷயம்னு நான்தான் கணக்குல விட்டுட்டேன்... அதான் கம்ப்யூட்டர்ல நம்பர் எகிறிக்கிட்டே போகுது! ஆறு மாசமா வேற எங்கேயோ தப்புத் தேடிட்டிருக்கேன்."

சிரித்தார். அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானம் தலைவர் வந்தார். ஈரத் தலை, தோளில் துண்டு. "சார், என் பேப்பர்ல தப்பு இருக்கு. இந்த அண்ணாச்சிதான் கண்டுபிடிச்சார்" என்றார் பத்மா.

"சேச்சே, அப்படியெல்லாம் சொல்லக்கூடாதும்மா. பிரமாதமான பேப்பர்!"

அருவிக்கு அடியில் நின்றபடியே கேட்டிருப்பார் போல.

சாயங்காலம், அடுத்த வருஷ மாநாடு எங்கே என்று பேச்சு வந்தது. குற்றாலம்தான்... ஒரு மூளைகூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை!