துண்டுக்குள் முடிந்த சீமைக் கார்

வாளையார் ரோட்டில் என் ஒர்க்‌ஷாப் இருந்த காலத்தில், பாலக்காட்டுக்கும் கோயமுத்தூருக்கும் நடுவில் பழைய கார் வாங்குகிற எவரும் என்னைக் கேட்காமல் வாங்கியதில்லை. பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. லாரி கிளீனராக இருந்து சொந்தக் கொட்டகை போட்டவன் நான். எஞ்சின் மேல் திருப்புளியை ஊன்றி அதன் பிடியைக் காதில் வைத்தால், உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். நான் சொல்லித் தப்பாய்ப்போன வண்டி ஒன்றைக்கூட யாரும் காட்ட முடியாது.

எழுபதுகளின் நடுவில் வேலந்தாவளம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தென்னந்தோப்பும் நிலமும் உள்ளவர். அவர் மனைவி கிணற்றுப் படியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டிருந்தார். வாரம் தவறாமல் கோயமுத்தூருக்குக் கூட்டி வந்தால்தான் எழுந்து நடப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாட்டு வண்டியில் ஏற்றினாலும் ஜீப்பில் ஏற்றினாலும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த அம்மாள் அலறுவாராம். பாதி வழியிலேயே திரும்பிவிடுவார்களாம்.

"கம்பத்துக்கு மேல, மலையில ஏலப்பாறை எஸ்டேட்டுல ஒரு தொரை சீமைக்குப் போறானாமா. அவன் காரு பஞ்சாட்டம் போகுதாமா. நீ வந்து பாத்துச் சொல்லு மேஸ்திரி" என்றார்.

போனோம். ஜெர்மன் கார். படகு மாதிரி பெரியதும் இல்லை, தீப்பெட்டி மாதிரி சின்னதும் இல்லை, நடுவாந்தரம். கதவைச் சாத்தினால் தலையணை விழுகிற சத்தம்தான் கேட்டது. தோல் சீட்டில் ஒரு கீறல் இல்லை. சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்தேன், கரி ஒட்டவில்லை. திருப்புளியைக் காதில் வைத்தேன். தையல் மெஷின் மாதிரி ஓடியது. மேட்டில் ஏற்றினேன், இறக்கத்தில் பிரேக் பிடித்தேன், வளைவில் கையை விட்டும் பார்த்தேன். குறை சொல்ல இடமே இல்லை.

தோட்டக்காரர் தனக்கென்று ஒரு சோதனை வைத்திருந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் சொம்பில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். எஸ்டேட்டின் தார் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். அவர் வேட்டி நனையவில்லை. இறங்கும்போது அவர் கண்தான் நனைந்திருந்தது.

துரைக்காக விலை பேச நின்றவர் அவருடைய டிரைவர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். சொம்பைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, காரு பாக்க வந்தீயளா, கெடா வெட்ட வந்தீயளா?" என்று சிரித்தார்.

"சிரிக்காதீங்க தம்பி. இது எங்கூட்டுக்காரிக்கு வண்டி" என்றார் தோட்டக்காரர்.

எனக்கு ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்துப் புகுந்தேன். ஆயில் சேம்பருக்கும் தரைக்கும் நடுவில் கையை விரித்து வைத்தேன். ஒரு சாண்கூட இல்லை. அவர் தோட்டத்து வீட்டுக்குப் போகிற இட்டேரி எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கள்ளிவேலி, நடுவில் ஒரு சாண் உயரத்துக்குப் பாறை முண்டிக்கொண்டு நிற்கும். வண்டிச்சக்கரம் அதன் இருபுறமும் உரசிக்கொண்டுதான் போகும்.

"ஏனுங்க! கொஞ்சம் பொறுங்க! இட்டேரிக்கு இது ஆவாதுங்க!" என்று அடியிலிருந்தே கத்தினேன்.

தலையைத் திருப்பினால் வெளியே இரண்டு ஜோடிக் கால்கள்தான் தெரிந்தன. ஒன்று தோட்டக்காரரின் டயர்ச் செருப்பு, மற்றது டிரைவரின் பூட்ஸ். விரல் படுகிற நெருக்கத்தில் நின்றன. நடுவில் பச்சைத் துண்டின் முனை தொங்கியது.

வேலந்தாவளம் மாட்டுச்சந்தையைப் பார்த்த எவனுக்கும் அந்தத் துண்டு எதற்கென்று தெரியும். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பிடித்த விரலை விட்டு, உள்ளங்கையை அழுத்திவிட்டால் மாடு கை மாறிவிட்டது. அப்புறம் காலில் புண் இருந்தாலும் கண்ணில் பூ இருந்தாலும் வாங்கினவன் வாய் திறக்க மாட்டான். நான் முதுகால் ஊர்ந்து வெளியே வருவதற்குள் துண்டு தோட்டக்காரர் தோளுக்குப் போய்விட்டது.

"கை குடுத்தாச்சு மேஸ்திரி."

"தொரைக்குத் துண்டு தெரியுமாங்க? இப்ப வேண்டாம்னாலும் ஒண்ணுமில்லீங்க."

"தொரைக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமல்லோ" என்றார்.

கம்பம் வழியாக இறங்கி, பொள்ளாச்சி தாண்டி, நானே ஓட்டி வந்தேன். அத்தனை தூரமும் தாலாட்டு மாதிரி ஓட்டம். இட்டேரி வாயில் கார் நின்றது. பாறையை உடைக்கலாம் என்றால், பாதையில் பாதி அவருடைய பங்காளிக்கு. பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி. நான் போய்க் கேட்டேன்.

"அவங்க சீமைக் காருக்கு எம்பட பாறை எதுக்குங்க நகரோணும்? காரை வேணா நகரச் சொல்லுங்க" என்றார் அவர்.

ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்த எனக்குத் தெரியும். அந்த வட்டாரத்தில் வேறு எவனுக்கும் தெரியாது. ஆனால் உயர்த்தினால் அந்த மெத்தென்ற ஓட்டம் போய்விடும். அவர் வாங்கியதே அந்த ஓட்டத்தைத்தான்.

கடைசியில் அந்த அம்மாளைக் கயிற்றுக்கட்டிலில் படுக்க வைத்து ஆட்கள் தூக்கி வந்தார்கள். பாறையைத் தாண்டும்போது கட்டில் சாய்ந்தது. அந்த அலறல் இட்டேரி வாயில் காத்திருந்த எனக்குக் கேட்டது. காரில் ஏற்றிப் படுக்க வைத்தோம். ஊர் எல்லை தாண்டியதும் சத்தமே இல்லை. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

டாக்டரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினோம். இட்டேரி வாயில் கட்டிலோடு ஆட்கள் நின்றார்கள். கதவைத் திறந்தேன். அந்த அம்மாள் கட்டிலைப் பார்த்தார். கதவுப் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார்.

"ஊட்டுக்கு வேண்டாமுங்க. நான் இதுலயே கெடந்துக்கறனுங்க."

"அடுத்த வாரமும் இதுலதான போவோம். இப்ப எறங்கு சாமி" என்றார் தோட்டக்காரர்.

"அடுத்த வாரம் இந்தக் கட்டல்ல வரமாட்டனுங்க. சத்தியமா வரமாட்டனுங்க."

தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். ஆட்களும் என்னைப் பார்த்தார்கள். வண்டி சமாசாரம் எதுவானாலும் என்னைப் பார்ப்பதுதானே அங்கே எல்லோருக்கும் வழக்கம். நான் முன்பக்கம் போய் பானட்டைத் தூக்கினேன். குறை ஒன்றும் இல்லாத அந்த எஞ்சினைக் குனிந்து பார்த்தபடியே நின்றேன்.