படத்துக்குப் பின்னால் இருந்த விரிசல்

பல் டாக்டரின் காத்திருப்பறைச் சுவரில் இன்று அதே படம்: பனிமலை, சிவப்பு ஓட்டு வீடுகள், நடுவில் கூர்கோபுரச் சர்ச்சோடு ஏதோ ஐரோப்பியக் கிராமம். தொண்ணூறுகளில், கோவைப் பக்கம் குவாரியோரம் இருந்த எங்கள் ஊரில், வெடியில் விழுந்த சுவர் விரிசலை மறைக்க அம்மா அந்தக் காலண்டர் படத்தைத்தான் மாட்டியிருந்தாள். மத்தியானச் சங்கு ஊதி, "வெடி வெக்கறமுங்கோ!" என்று சிவப்புக்கொடிக்காரர் கத்தினால் ஊரே வீதிக்கு வந்து நிற்கும்; அதிர்வு அடங்கி உள்ளே போனதும் என் கண் படத்தின் ஓரங்களையே துழாவும்.

"அங்க பாக்காத கண்ணு, சோறு உண்ணு" என்பாள் அம்மா.

ஒருநாள் சர்ச் கோபுரத்துக்கு மேலே விரிசல் எட்டிப் பார்த்தது. அன்றைக்கே வீட்டைக் காலி செய்து பல்லடம் கிளம்பினோம். பிறகு குவாரி விரிந்து ஊரே குழியாகிவிட்டது.

நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் படத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.