கன்னத்தில் கறுப்பு நூல்

கதை விடறேன்னு நினைக்கிறவங்க இங்கேயே நிறுத்திக்கலாம். ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுப் போடுற நர்ஸ் நான். பயந்தாங்கொள்ளி இல்ல, கோபக்காரி. பேய்னா ராத்திரிதான் வரும்னு யார் சொன்னது? இது பட்டப்பகல்ல, என் கண்ணு முன்னாடி நடந்துச்சு.

என் தங்கச்சி போன பஸ் கவுந்துடுச்சு. கண்ணாடி கிழிச்சு, காதோரத்துலேர்ந்து வாய்க்கிட்ட வரைக்கும் கன்னம் பிளந்திருந்துச்சு. மயக்கமா கொண்டு வந்தாங்க. “பொண்ணோட முகம் சார், பாத்து”ன்னு பெரிய டாக்டர் காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேன். அவர் ஸ்டேப்ளர் பின் அடிக்கல, வெளித்தையலும் போடல. தோலுக்கு அடியிலேயே ஓடுற உள்தையல், தானா கரையுற நூல், மேல பேப்பர் டேப், அதுக்கு மேல கட்டு, அவ்வளவுதான். வெளிய நூல் போட்டு, எடுக்க நாளாச்சுன்னா ரெண்டு பக்கமும் ஏணி மாதிரி தழும்பு நின்னுடும். “மெல்லிசா ஒரு கோடுதான் விழும், போம்மா”ன்னார். அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

மறுநாள் காலைல கட்டைப் பிரிச்சேன். டேப்பைக் காணோம்... காதோரத்துல மூணு தையல். கறுப்பு நூல். கோணி தைக்கிற தடிமன்.

வந்துச்சே கோபம்! டியூட்டி டாக்டரைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்.

“சத்தியமா நான் தொடல சிஸ்டர்.”

“பின்ன, உங்க தாத்தா வந்து தைச்சாரா?”

நூலை நானே வெட்டி எடுத்து, புது டேப் ஒட்டிக் கட்டுப் போட்டேன். தங்கச்சிக்கிட்டக் கேட்டேன்.

“யாருடி தைச்சா?”

“யாரையும் பாக்கலக்கா. ஒரு கை மட்டும்... சில்லுன்னு.” அவ குரல் இறங்கிடுச்சு. “நான் அசைஞ்சா அந்தக் கைக்குக் கோபம் வருதுக்கா.”

அதுக்கப்புறம் நான் அவளை விட்டு நகரல. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். வார்டுல எல்லாரும் தூக்கம். தங்கச்சியும் தூங்கிட்டா.

சர்ர்ர்...

நூல் இழுக்குற சத்தம். கட்டுக்கு உள்ளேயிருந்து.

பிச்சு எறிஞ்சேன். கன்னம் முழுக்கத் தையல். பந்து தைக்கிற மாதிரி, உள்ளேயிருந்து வெளியே குத்தி இழுத்த தையல். இதை நான் பாத்திருக்கேன். மார்ச்சுவரியில. உயிரோட இருக்கிற ஆளுக்கு யாரும் இப்படித் தைக்க மாட்டாங்க.

சர்ர்ர்...

ஊசி தெரியல. கை தெரியல. நூல் மட்டும் நகருது. மேலுதட்டுல ஏறுச்சு... கீழுதட்டுல இறங்குச்சு...

அவ வாயைத் தைக்குது!

உதட்டுக்கு நடுவுல என் விரலைத் திணிச்சேன். சுருக்குனு குத்துச்சு. வெட்ட வெட்ட நூல் எதிர்ப் பக்கம் இழுக்குது.

“அவ உயிரோட இருக்காடா, பாவி!”

நூல் தொங்கிடுச்சு.

சாயங்காலமே அவளை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டேன். மறுநாள் அந்த நூலோட மார்ச்சுவரிக்குப் போனேன். அங்க வேலை பாக்குற ஆள் பாத்ததுமே சொன்னான்.

“இது இங்க பொணம் தைக்கிற எங்க பெரியவர் நூல். மெழுகு தடவி வச்சிருப்பாரு. பஸ் கவுந்த அன்னிக்கு கேஷுவாலிட்டியிலேர்ந்து போன். ‘பொண்ணு முடிஞ்சுபோச்சு, கன்னம் கிழிஞ்சிருக்கு, வீட்டு ஆளுங்க பாக்கணும், முகத்தைத் தைச்சு வை’ன்னு. கட்டில் நம்பரை மாத்திச் சொல்லிட்டாங்க. செத்தது பக்கத்துக் கட்டில் பொண்ணு.”

“பெரியவர்?”

“நூலைக் கோத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்படியே மாரடைப்பு.”

கையிலிருந்த நூலைக் கீழ வச்சேன்.

“தப்பாச் சொல்லிட்டோம், அந்தப் பொண்ணு சாகலைன்னு... அப்புறம் போன் வந்துச்சா?”

“வந்துச்சே. நான்தான் எடுத்தேன்.”

“அவர்கிட்டச் சொன்னியா?”

“யார்கிட்ட சிஸ்டர்? அதுக்குள்ளதான் அவர் போயிட்டாரே.”