ஊர்ல வூடு இருக்குதுங்க சார்

மழை விட்ட மறுநாள் நெய்வேலியில் ஒரு வாசனை வரும்... செம்மண்ணும் ஈரக் கரியும் கலந்து. அந்த வாசனையை நினைத்தாலே எனக்கு அஞ்சலை அக்காவின் அடுப்புதான் கண்ணில் வரும்.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னால், முருங்கை மரத்தை ஒட்டி அப்பா ஒரு ஷெட் போட்டிருந்தார். சைக்கிளுக்கும் விறகுக்கும் போட்டது. அதில்தான் அஞ்சலை அக்காவும் அவர் வீட்டுக்காரர் கலியமூர்த்தி அண்ணனும் பிள்ளைகளோடு குடியிருந்தார்கள்.

அப்பா மைன்ஸில் பர்மனென்ட். அண்ணன் அதே மைன்ஸில் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆளுக்குத்தான் வீடு. மற்றவர்கள் அவரவர் சாமர்த்தியம்.

அவர்கள் ஊரே சுரங்கத்துக்குப் போய்விட்டது. வீடு இருந்த இடத்தில் பெரிய பள்ளம். "எங்க வூடு அந்த ஆழத்துல கெடக்குது" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்லும். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது.

குவார்ட்டர்ஸில் வெளியாளைக் குடிவைக்கக் கூடாது. கம்பெனி ஆட்கள் திடீர் திடீரென்று செக்கிங் வருவார்கள். பேன்ட் போட்டு, கையில் ஃபைலோடு யார் கேட்டைத் திறந்தாலும் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மாதான் அக்காவுக்குப் பாடம் எடுத்திருந்தார். எங்கள் பிளாக் முழுக்க அதே பாடம்தான். வருஷக்கணக்கில் தங்கிய விருந்தாளிகளை அங்கேதான் பார்க்கலாம்!

அந்தச் சமயத்தில்தான் வீடில்லாதவர்களுக்கு அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டித் தருகிறது என்று பேச்சு வந்தது. அண்ணன் குறிஞ்சிப்பாடி யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்து மனு கொடுத்தார். நேரில் விசாரிக்க ஆள் வருவார் என்றார்கள். என்றைக்கு என்று சொல்லவில்லை. அக்கா அதற்குள் அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்பது வரை முடிவு செய்துவிட்டது.

ஒரு மத்தியானம் அவர் வந்தார். அண்ணன் ஷிப்டில் இருந்தார், அம்மா ரேஷன் கடையில். கையில் ஃபைல். சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு மூச்சு விடாமல் ஒப்பித்தது.

"ஊர்ல வூடு இருக்குதுங்க சார். விருந்தாளியா வந்திருக்கோம். நாலு நாள்ல கெளம்பிடுவோம்ங்க."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கு வந்த செக்கிங்காரர் தங்கமான மனுஷன், அதட்டவே இல்லை என்று அக்கா அம்மாவிடம் மெச்சிக்கொண்டது வேறு...

சாயங்காலம் அண்ணன் வந்து, வந்தவர் எப்படி இருந்தார், என்ன கேட்டார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை.

"நீ இன்னா பண்ணுவ... அப்டியே பழகிக்கினோம்."

மறுபடி ஆபீசுக்கு அலைந்தார். உன் சம்சாரமே சொல்லிவிட்டதே என்று ஒரே பதில். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கொஞ்ச நாளில் போவதை விட்டுவிட்டார்.

அப்பா ரிட்டையர் ஆனதும் நாங்களும் சாவியைக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டுக்குக் கிளம்பினோம். அடுத்து வந்தவர் ஷெட்டைப் பிரித்துவிட்டாராம். அக்கா குடும்பம் எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை.

இப்போது சென்னையில் எனக்கு எத்தனையாவதோ வாடகை வீடு. அரசாங்கமும் புதுசு புதுசாக வீட்டுத் திட்டம் அறிவித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒன்றுக்கு என் சம்பளம் அதிகம், இன்னொன்றுக்குப் போதாது. படித்துப் படித்து அலுத்துவிட்டது.

போன மாதம் புது வீட்டு ஓனர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், சொந்த ஊரில் வீடு இருக்கும்தானே என்று. எந்த ஊர்... அந்தக் குவார்ட்டர்ஸில் இப்போது யாரோ.

"ஊர்ல வீடு இருக்குங்க சார்" என்றேன். மூச்சு விடாமல்.