திறந்து பார்க்காத துவக்கு

வியாழக்கிழமை காலை வெள்ளவத்தையில் என் வீட்டு வாசலில் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். பொலிஸ் சார்ஜன் ஞானப்பிரகாசத்தின் மருமகன். "மாமா விடியக்காலை போயிட்டார். பின்னேரம் நாலு மணிக்கு எடுக்கிறம்," என்றார். கொட்டாஞ்சேனைக்குப் போய், சேமக்காலையில் ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினேன். அங்கே நின்ற உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனாலும் ஒரு விஷயம் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உலகச் சண்டைக்கு முந்திய வருடங்களில் நான் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் துவக்கு லைசென்ஸ் பகுதியில் கிளாக்கர். லைசென்ஸ் புதுப்பிக்க வருகிறவர்கள் துவக்கையும் கொண்டுவர வேண்டும். அதைச் சோதிக்க, துறைமுகப் பக்கத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றிலிருந்து ஞானப்பிரகாசம் வருவார். அந்த நிலையத்து ஆயுத அறை அவர் பொறுப்பில் இருந்தது. எந்தக் கனவான் வந்து உள்ளே தோட்டா இல்லை என்று சத்தியம் செய்தாலும் அவர் விடமாட்டார். "நீங்கள் சொல்றது சரியாயிருக்கும் ஐயா. ஆனாலும் திறந்து காட்டுங்கோ," என்பார். திறந்த பிறகும் விரலை உள்ளே விட்டுப் பார்ப்பார்.

ஹெந்தளைத் தோட்டச் சொந்தக்காரர் பெர்னாந்து ஒருநாள் கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது, வண்டியிலிருந்து இறக்கிய அவருடைய துவக்கு வெடித்து மதிலொன்றில் பட்டது. ஒருவருக்கும் காயமில்லை. ஞானப்பிரகாசம் வழக்குப் போட்டார். புதுக்கடைக் கோட்டில் அபராதம் விதித்தார்கள், துவக்கைப் பறித்தார்கள். லைசென்ஸை ரத்துச் செய்யும் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். நல்ல மனிதராயிற்றே என்று நான் கேட்டதற்கு, "மதில் எண்டபடியால் தப்பிச்சுது. மனிசர் எண்டால்?" என்றார் ஞானப்பிரகாசம்.

அதே வருடம் ஒரு காலை, சில பத்திரங்களில் அவருடைய கையெழுத்து வாங்க நிலையத்துக்குப் போனேன். எனக்கு அவசரம். "கெதியாப் போட்டுத் தாங்கோ சார்ஜன்," என்று நெருக்கினேன். அந்த நேரம் காவல் முடிந்து வந்த கொன்ஸ்டபிள் ஒருவர் ரைபிளை ஒப்படைக்க வந்தார். குனிந்து எழுதிக்கொண்டிருந்த ஞானப்பிரகாசம், "வெளியில நில்லும், வாறன்," என்றார். அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் வராந்தாவில் வெடி கேட்டது. எதிர்ப்பக்க ஆப்பக்கடையில் கடைக்காரி சோமாவதி தோளைப் பிடித்தபடி விழுந்து கிடந்தாள்.

துடைக்கும்போது தற்செயலாக வெடித்தது என்று எழுதும்படி இன்ஸ்பெக்டர் சொன்னார். ஞானப்பிரகாசம் வேறு விதமாக எழுதினார். துவக்கை வாங்கித் திறந்து பார்த்திருக்க வேண்டியவர் தாம்தான், பார்க்கவில்லை, அந்த நேரம் யாரும் எதையும் துடைக்கவில்லை என்று எழுதி, கீழே பெயரும் போட்டார்.

"உமக்கென்ன பைத்தியமா? உம்மை ஆர் கேட்டது?" என்று இன்ஸ்பெக்டர் கத்தியது அடுத்த அறைக்கும் கேட்டது.

"பெர்னாந்து ஐயாவை நான் கேட்டனான் சேர். என்னையும் ஆராவது கேக்க வேணும்."

வழக்கு எதுவும் கோட்டுக்குப் போகவில்லை. இலாகாவுக்குள்ளேயே விசாரணை நடந்தது. அதில் நானும் சாட்சி சொன்னேன்; சாட்சிகளைக் கேள்வி கேட்க உரிமை இருந்தும் ஞானப்பிரகாசம் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கொன்ஸ்டபிளை எச்சரித்து விட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் ஒருவர்தான் இருந்தார். அவருடைய சார்ஜன் பதவியைப் பறித்து, கொன்ஸ்டபிளாக மலைநாட்டுக்கு மாற்றினார்கள். நாம் கடைசிவரை அவரைச் சார்ஜன் என்றே கூப்பிட்டோம். அவரும் கடைசிவரை 'கொன்ஸ்டபிள்' என்று திருத்திக்கொண்டே இருந்தார்.

சோமாவதியின் வலது கை பிறகு தோளுக்கு மேலே எழும்பவில்லை. மாற்றல் வரும்வரை தினமும் காலையில் ஞானப்பிரகாசம் அந்தக் கடையில் உட்கார்ந்து, காக்கிக் காற்சட்டையோடு தேங்காய் துருவிக் கொடுத்தார். முதலில் அவள் அவரைச் சிங்களத்தில் ஏசினாள். பிறகு ஏசுவதை விட்டுவிட்டாள். மன்னித்தாளா என்று கேட்டேன். "தெரியாது. துருவத் தேங்காய் தாறா," என்றார்.

பென்சன் எடுத்துத் திரும்பிய பிறகு, வெள்ளவத்தைக் கடற்கரையில் நாங்கள் இருவரும் நடப்பதுண்டு. ஒரு பின்னேரம், பல வருடமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"தெரியும் கிளாக்கர். அண்டைக்கு நீங்கள் யன்னல் பக்கம் இருந்தனீங்கள்."

"பிறகேன் விசாரணையில என்னை ஒண்டும் கேக்கேல்லை?"

"கேக்கச் சொன்னவைதான். உங்கட முகத்தைப் பார்த்தன். கேட்டால் இன்னொரு பொய் சொல்லியிருப்பீங்கள். ஒண்டு போதும் எண்டு விட்டிட்டன்."

கடுமையாகச் சொல்லவில்லை. களைத்த மனிதரின் குரல். அதற்குப் பிறகு மழை வரும்போல இருக்கிறது என்றார், திரும்பி நடந்தோம்.

சுதந்திரம் வரப்போகிறது என்கிறார்கள். புதிய கொடியின் கீழும் பெர்னாந்துகள் கோட்டுக்குப் போவார்கள், காக்கிச் சட்டைக்காரருக்கு எச்சரிக்கைதான் கிடைக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஞானப்பிரகாசத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது, கேட்க உரிமை இருந்தும் அன்று அவர் என்னிடம் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். பத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் காணவில்லை என்று விசாரணையில் சொன்னது பொய். அந்தக் கொன்ஸ்டபிள் சிரித்துக்கொண்டே ரைபிளைத் தூக்கி, ஆப்பக்கடைப் பெயர்ப்பலகையைக் குறிபார்த்து விசையை இழுத்தார். நான் கண்டேன்.