இரண்டு வீச்சுக்கும் ஒரே தட்டு

ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தெரிவு செய்ய எனக்கு ஏழு மாதம் பிடித்தது. பெண் பார்க்க வந்தபோதுகூட நான் அவ்வளவு யோசிக்கவில்லை என்று என் மனைவி இன்றும் குத்திக்காட்டுவாள். சிரித்து வைப்பேன். அந்தத் தட்டால் என்ன நடந்தது என்று அவளிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

கேகாலை மாவட்டத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியனாக இருந்தேன். ஆங்கிலம் படிப்பிக்க வந்து ஒரு வருடம் எங்களோடு இருந்த வெள்ளைக்கார மாஸ்டர், நாட்டு நிலைமை கெட்டதும் அவசரமாகப் புறப்பட்டார். போகும்போது மூன்று தட்டுகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் ஊரில் அது ஒரு விளையாட்டு. கோல்ஃப் மாதிரித்தான், பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கூடை. தூரத்திலிருந்து எறிந்து எறிந்து கிட்ட வந்து, கடைசியில் கூடைக்குள் போட வேண்டும். அவர் கொடுத்த மூன்றும் அந்தக் கடைசி முப்பது காலடித் தூரத்துக்கானவை. பார்த்தால் சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். கையில் எடுத்தால்தான் கனம் தெரியும்.

நானும் மச்சானும்தான் ஆடினோம். மச்சான் என்றால் அக்காவின் புருஷன், ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியற்காலையில் மரங்களை வெட்டி, பதினொரு மணிக்கெல்லாம் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டால் பின்னேரம் அவருக்கு வேலை இல்லை. எனக்கும் பள்ளிக்கூடம் விட்டுவிடும். ரப்பர் மரம் ஒன்றில் பழைய கொழுந்துக் கூடையை இடுப்பு உயரத்தில் கட்டிவிட்டு எறிவோம்.

என் வீச்சு பின்கை. கையை நெஞ்சுக்குக் குறுக்கே மடக்கி இழுத்து விடுவது. மச்சானுக்கு அது சரிவரவில்லை. அவர் முன்கைக்காரர். ஆற்றில் ஓட்டாஞ்சில்லு விடுவது போல, இடுப்புப் பக்கமிருந்து மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவார். பதினைந்து வருடம் மரப்பட்டை சீவிய மணிக்கட்டு அது. தட்டு தரையை ஒட்டிப் பறந்து மரங்களுக்கு இடையில் நுழையும். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

வெள்ளைத் தட்டு பழசு, மெத்தென்று வளையும். என் பின்கைக்குத் தங்கம், தானாகவே கூடையைத் தேடிப் போகும். மச்சான் எறிந்தால் அவருடைய வேகத்தைத் தாங்காமல் நடுங்கி, இடது பக்கம் புரண்டு, வடிகானுக்குள் உருண்டுவிடும். மஞ்சள் கெட்டி, விளிம்பு தடிப்பம். மச்சானின் வேகத்துக்கு அசையாமல் போய், கடைசியில் வலது பக்கம் வெட்டி இறங்கும். நான் எறிந்தால் பாதி வழியிலேயே, கோபித்துக்கொண்ட மருமகன் மாதிரி, இடது பக்கமாக ஒதுங்கி விழும். செம்மஞ்சள் இரண்டுக்கும் நடு. வளையாது, கல்லாகவும் இருக்காது. மேல் பக்கம் தட்டையாக இருந்ததால் பெருவிரல் நன்றாகப் படியும். விளிம்பு மெல்லிசு. அவர் முன்கையில் விட்டாலும் நான் பின்கையில் விட்டாலும் நேரே போய், முடிவில் கொஞ்சம்தான் சாய்ந்து அமரும். ஏழு மாதம் மாற்றி மாற்றி எறிந்து பார்த்ததில், எங்கள் வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போன ஒரே சாமான் அதுதான்.

இதில் ஒரு பிழை செய்தோம். வேலை நேரம் முடிந்த பிறகு மலையில் நிற்பதைக் கங்காணி கண்டால் ஏன், எதற்கு என்று கேள்வி வரும். அதனால் ரோட்டில் ஒரு தலை தெரிந்தால் போதும், தட்டுகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மரத்தடியில் குந்தி, பால் சிரட்டையைச் சரிசெய்வது போல நடிப்போம். லயத்து வரிசை வீடுகளில் பிறந்த ஆட்களுக்கு அது ஊறிப்போன புத்தி. முதலில் ஒளிப்போம், பிறகுதான் வருவது யாரென்று பார்ப்போம். அந்த ரோட்டில் கங்காணி வந்தது ஒன்றிரண்டு நாள்தான். மற்ற நாளெல்லாம் வந்தது கீழே உள்ள சிங்களக் கிராமத்து ஆட்கள். இரண்டு தமிழர்கள் தினமும் பின்னேரம் வட்டமான எதையோ எறிவதையும், தங்களைக் கண்டதும் அதை ஒளிப்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது.

முதலில் ஒரு சைக்கிள் நின்றது. ஓட்டி வந்தவர் எனக்குத் தெரிந்தவர்தான், வழக்கமாகச் சிரிப்பவர். அன்று சிரிக்கவில்லை. கடை முதலாளி மாவைச் சுற்றிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். பிறகு ஒரு நாள் மரத்தில் கட்டியிருந்த கூடையைக் காணவில்லை. கயிறு மட்டும் தொங்கியது. நுனி கத்தியால் நறுக்கியது போல இருந்தது.

"கொரங்கு வேலையா இருக்கும்" என்றேன் நான்.

மச்சான் கயிற்றின் நுனியைத் தடவிப் பார்த்தார். "இன்னைக்கு வேணாம் மாப்ள, போவோம்" என்றார். நான்தான் கேட்கவில்லை. எனக்கு ஆட்டப் பைத்தியம். மறுநாளே வேறு கூடை தேடிக் கட்டினேன்.

அந்தக் கிழமையே பொலிஸ் வந்தது. மச்சான் பால் ஊற்ற வரிசையில் நின்ற இடத்திலேயே அவரைப் பிடித்தார்கள். என்னைப் பள்ளிக்கூடத்தில், கரும்பலகைக்கு முன்னால் வைத்துக் கூப்பிட்டார்கள். தட்டுகளை லயத்தில் எங்கள் காம்பரா அறையிலிருந்து அக்காவே எடுத்துக் கொடுத்தாளாம். "வெளையாட்டுச் சாமான்தானேங்க" என்று சொல்லிக் கொடுத்தாளாம். ஜீப் புறப்படும்போது அவள் என் பக்கம்தான் ஓடி வந்தாள். "தம்பி, நீ சிங்களம் நல்லா பேசுவ. அவரப் பேசவிடாத, நீயே சொல்லு. அவரக் கூட்டிக்கிட்டு வந்துரு" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

பொலிஸ் நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த பெரியவர் எங்களை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. பிளேன்டீ குடித்துக்கொண்டே ஒவ்வொரு தட்டாக எடுத்துக் கனம் பார்த்தார், விளிம்பைத் தடவினார், அடியில் இருந்த எழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைக்கார மாஸ்டர், கூடை, பின்கை, முன்கை, ஒன்றையும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டார்.

"விளையாட்டு என்றால் நல்லதுதானே மல்லி" என்றார், சொந்தத் தம்பியைக் கூப்பிடுவது போல. "விளையாடிக் காட்டுங்கள். இதில் ஒன்றை எடுங்கள். மற்ற இரண்டும் கொழும்புக்குப் போகும். அந்த ஒன்றை இரண்டு பேரும் எறிய வேண்டும்."

முற்றத்தில் காவல் அரணுக்குப் பக்கத்தில் மண் நிரப்பாத தார்ப் பீப்பாய் ஒன்று நின்றது. அதிலிருந்து முப்பது காலடி அளந்து காலால் கோடு கீறினார். கொன்ஸ்டபிள்கள் ஏழெட்டுப் பேர் வந்து சுற்றி நின்றார்கள்.

மூன்று தட்டுகளும் சீமெந்துப் படியில் கிடந்தன. மச்சான் என் காதோரம் குனிந்தார். "வெள்ளைய எடு மாப்ள."

பயத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். வெள்ளை எனக்குச் சரி, அவர் கையில் புரண்டுவிடும் என்று அவருக்குத் தெரியாதா? அது புரண்டு ஜீப்பிலோ தோளில் துவக்கு மாட்டி நிற்கும் கொன்ஸ்டபிள் மேலோ பட்டால் என்ன ஆகும்? இரண்டு பேரும் சரியாகப் போட்டுக் காட்டினால்தானே விளையாட்டு என்று நம்புவார்கள். ஏழு மாதம் நான் தேடியது இந்த ஒரு நாளுக்காகத்தான் என்றுகூடத் தோன்றியது. மடையன் நான். செம்மஞ்சளை எடுத்தேன்.

முதலில் நான். பின்கையில் மெதுவாக விட்டேன். பீப்பாயின் வாயில் தட்டி உள்ளே விழுந்தது. யாரோ சிரித்தார்கள், ஒருவர் கை தட்டினார். பெரியவர்கூடத் தலையாட்டினார்.

பிறகு மச்சான். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பழக்கப்பட்ட உடம்பு, வேறு மாதிரி எறிய அதற்குத் தெரியவில்லை. இடுப்பைத் தாழ்த்தி மணிக்கட்டைச் சுண்டினார். தட்டு முழங்கால் உயரத்தில் சீறிக்கொண்டு போய், பீப்பாய்க்கு முன்னால் கொஞ்சம் எழும்பி, உள்பக்கத் தகரத்தில் மோதி அடங்கியது. முற்றம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

பெரியவர் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தக் குட்டை மதிலுக்குப் பின்னால் குந்திக்கொண்டு எறியச் சொல்லு" என்றார் என்னிடம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கண்ணுக்கு விளையாட்டாகத் தெரிந்தது அவர் கண்ணுக்குக் குண்டு வீசப் பழகிய கையாகத் தெரிகிறது என்று விளங்கியது. மச்சானுக்கு அது முதலிலேயே விளங்கியிருக்கிறது. வெள்ளைத் தட்டு அவர் கையில் நடுங்கிப் புரண்டிருந்தால் அந்த முற்றமே சிரித்திருக்கும். சிரித்து எங்களை அனுப்பியிருக்கும். அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்கத் தேவை வரவில்லை. மச்சானுக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். அவரே போய் மதிலுக்குப் பின்னால் குந்தினார்.

இந்த முறை வேண்டுமென்றே தவறவிட்டார். தட்டு பீப்பாயிலிருந்து பத்து காலடி தள்ளிப் போய்க் கொடிக்கம்பத்தடியில் விழுந்தது.

பெரியவர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "இப்போது பொய்க்கு எறிகிறான்" என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார். "மல்லி, நீ எறிந்தது விளையாட்டு. அவன் எறிந்தது விளையாட்டு இல்லை. நீ வீட்டுக்குப் போ. அவனிடம் இரண்டு நாள் பேசிவிட்டு அனுப்புகிறோம்."

எங்கள் பாடசாலை அதிபர் வந்து எனக்காகக் கையெழுத்து வைத்தார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மச்சானுக்காக வாசலில் பொழுது சாயும்வரை நின்றார், உள்ளே விடவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

அக்கா ரோட்டிலேயே காத்திருந்தாள். நான் தனியே இறங்குவதைப் பார்த்ததும், "அவரு எங்கடா?" என்றாள். என்ன சொல்வது? நான் நல்ல தட்டாகப் பார்த்துத் தெரிந்தெடுத்ததால்தான் உன் புருஷன் உள்ளே இருக்கிறார் என்றா? "எறிஞ்சி காட்டச் சொன்னாங்க. நான் போட்டேன். மச்சான் போட்டது விழல" என்றேன். இரண்டாவது எறி விழவில்லைதானே, முழுப் பொய் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்டவன்.

இரண்டு நாள் பதின்மூன்று மாதமானது. யுத்தம் முடிந்து சில கிழமைகள் கழித்து, ஒரு மத்தியானம், அறிவித்தல் எதுவும் இல்லாமல் மச்சான் நடந்து வந்தார். பாதி ஆளாக இருந்தார். அக்கா அழுது முடித்து, முகம் கழுவி, எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். அவருக்கு வலது கை வாய் வரைக்கும் எழவில்லை. இடது கையால் குனிந்து சாப்பிட்டார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஒரு தட்ட ஒழுங்கா எறியத் தெரியல ஒங்களுக்கு. தம்பி போட்டான், வந்துட்டான். நீங்களும் கொஞ்சம் பாத்துப் போட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

மச்சான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அவளிடம் என்ன சொல்லி வைத்திருந்தேன் என்பது அவருக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

"ஆமா புள்ள" என்றார். "கை தவறிப்போச்சு." சொல்லிவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.